தயிர்சாதத்தோடு விமானம் ஏற நினைக்கும் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

தஞ்சாவூரிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. நியூஜெர்சியில் இருக்கும் மகளுக்குப் பிரசவம். நீங்களும் ஐயாவும் முதல்முறையாக விமானம் ஏறப் போகிறீர்கள். சென்னையில் விடியற்காலை நாலு மணிக்கு ஏறி, தோஹாவில் மாறி, நியூயார்க். இருவரும் சைவம், முட்டையும் ஆகாது. உங்களுக்குச் சர்க்கரை, ஐயாவுக்கு ரத்தக் கொதிப்பு. இவ்வளவையும் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறீர்கள்: வழிக்குத் தயிர்சாதம் கட்டிக்கொண்டு போகலாமா?

இதே கேள்வி உங்களைப் போல வெளிநாட்டுப் பிரசவத்துக்குக் கிளம்புகிற எத்தனையோ அம்மாக்களின் மனதில் இருக்கும். அதனால் தனிக் கடிதமாக அனுப்பாமல் இங்கேயே எழுதுகிறேன்.

கட்டிக்கொண்டு போக வேண்டாம். முதல் காரணம், விடமாட்டார்கள். லண்டனிலிருந்து அமெரிக்கா போகும் விமானங்களைத் திரவ வெடிபொருள் வைத்துத் தகர்க்கப் போட்ட சதி 2006 ஆகஸ்டில் பிடிபட்டது. அதற்குப் பிறகு கைப்பையில் எந்தத் திரவமும் 100 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது என்று உலகின் பெரும்பகுதியில் வந்துவிட்டது. தயிர், சட்னி, சாம்பார், நெய், எண்ணெய் மிதக்கும் ஊறுகாய் எல்லாமே அந்தக் கணக்கில்தான் சேரும். பிசைந்த தயிர்சாதம் திரவமா திடமா என்று சோதனை அதிகாரியிடம் நீங்கள் வாதாடலாம். நடுராத்திரியில், பின்னால் நூறு பேர் நிற்கும்போது, அந்த வாதத்தில் நீங்கள் ஜெயிக்கமாட்டீர்கள்.

இரண்டாவது காரணம் எனக்கு இதைவிடப் பெரிது. மணியைக் கூட்டிப் பாருங்கள். முந்தின நாள் சாயங்காலம் ஆக்கிய சோறு அது; நீங்கள் நியூயார்க்கில் இறங்கும்போது நம்மூர் நேரம் மறுநாள் நள்ளிரவைத் தாண்டியிருக்கும். சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்றொரு நுண்ணுயிர் உண்டு. அதன் வித்துகள் கொதிநீரிலும் சாகாது. சூடும் இல்லாமல் குளிரும் இல்லாமல் சோறு மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சு சுரக்கும். தயிரின் புளிப்பு ஓரளவு காப்பாற்றும் என்பது உண்மைதான். ஆனால் பயணத்துக்கு என்றாலே புளித்துவிடக் கூடாது என்று பாலை ஊற்றிப் பிசைவோமே, அதில் அந்தக் காப்பும் குறைந்துவிடுகிறது.

பயமுறுத்தவில்லை. விமானத்துக்கும் கெட்ட சாப்பாட்டுக்கும் பழைய பகை உண்டு. 1975 பிப்ரவரியில் டோக்கியோவிலிருந்து அலாஸ்காவின் ஆங்கரேஜ் வழியாக ஐரோப்பாவுக்குப் போன ஜப்பான் விமானம் ஒன்றில் 197 பேர் நோயில் விழுந்தார்கள். ஆங்கரேஜ் சமையற்கூடத்தில் ஒரு சமையல்காரரின் விரலில் இருந்த புண்ணிலிருந்து கிருமி ஆம்லெட்டில் வைத்த பன்றி இறைச்சிக்குப் போயிருக்கிறது. உணவு குளிரவைக்கப்படாமல் நேரம் கடந்திருக்கிறது. கிருமி விட்ட நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் அழியாத வகை. விமானிகள் தப்பித்தார்கள். ஏன் தெரியுமா? அவர்கள் ஏறியது ஆங்கரேஜில். பயணிகளுக்குக் காலை உணவு வேளை. விமானிகளின் உடம்புக்கு அது இரவுச் சாப்பாட்டு வேளை. அதனால் ஆம்லெட்டைத் தொடாமல் வேறு சாப்பிட்டிருக்கிறார்கள். தலைமை விமானியும் துணை விமானியும் ஒரே பதார்த்தத்தைச் சாப்பிடக் கூடாது என்ற வழக்கம் இன்றைக்கும் பல நிறுவனங்களில் இருக்கிறது.

எனவே தயிர்சாதத்தை வீட்டிலேயே, விமான நிலையத்துக்குக் கிளம்புவதற்கு முன்னால், நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அதைவிட நல்ல பயணச் சாப்பாடு எனக்குத் தெரியவில்லை. தோஹாவில் தயிர் ஆசை வந்தால் சர்க்கரை சேர்க்காத தயிர் சின்னக் கிண்ணங்களில் கிடைக்கும், வாங்கி அங்கேயே முடித்துவிடலாம்.

கையில் எதை எடுப்பது? இட்லி. நம் பாட்டிமார்கள் ரயிலுக்குக் கட்டியது காரணமில்லாமல் இல்லை. மாவு புளித்தது, ஆவியில் வெந்தது, மேலே நல்லெண்ணெயும் பொடியும். தேங்காய் கிடையாது, தயிர்சாதத்தைவிட ஈரமும் குறைவு. ஆறவைத்துக் கட்ட வேண்டும்; சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துப் பிசுபிசுத்துவிடும். மிளகாய்ப்பொடியைத் தனிப் பொட்டலமாக எடுக்காதீர்கள். மிளகாய்த்தூளைக் கைப்பையில் விடமாட்டார்கள், கண்ணில் தூவும் ஆயுதம் என்பது அவர்கள் கணக்கு. இட்லியிலேயே தடவிவிட்டால் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். வாட்டிய வாழையிலையில் சுற்றி, லேசான பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். எவர்சில்வர் டப்பா என்றால் எக்ஸ்ரேயில் உள்ளே தெரியாமல் திறந்து காட்டச் சொல்வார்கள்.

உங்களுக்குச் சர்க்கரை என்பதால் வெறும் இட்லியை மட்டும் நம்பவேண்டாம். அதுவும் பெரும்பகுதி அரிசிதான். வெங்காயம் போடாத அடை இரண்டு, வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி, பாதாம் கொஞ்சம். முறுக்கும் தட்டையும் பெட்டிக்குள்ளேயே மகளுக்காகப் பத்திரமாகப் போகட்டும். கட்டியதை நம்மூர் நேரம் மறுநாள் இருட்டுவதற்குள் சாப்பிட்டு முடியுங்கள். மிஞ்சியதைத் தூக்கிப் போட மனம் வராது என்று தெரியும். போட்டுத்தான் ஆகவேண்டும், அதனால் அளவாகவே கட்டுங்கள்.

இன்னொன்று, கொப்பரைத் தேங்காய். பொடி இடிக்கவும் குழம்புக்கும் வேண்டும் என்று மகள் கேட்டிருக்கலாம். எண்ணெய்ப் பசை மிகுந்த கொப்பரை தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு என்று விமானப் போக்குவரத்தில் ஆபத்துப் பொருள் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். எடுக்காதீர்கள்.

இனி விமானத்தில் தரும் சாப்பாடு. அதை அங்கே சமைப்பதில்லை. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பெரிய சமையற்கூடங்களில் பல மணி நேரம் முன்பே ஆக்கி, சட்டென்று 5 டிகிரிக்குக் கீழே குளிரவைத்து, தட்டில் அடுக்கி, வண்டியில் ஏற்றி, மேலே போனதும் சூடான காற்று சுற்றும் அடுப்பில் சூடாக்கிக் கொடுக்கிறார்கள். சுத்தத்தில் குறை சொல்லமாட்டேன். மேலே சொன்ன மாதிரிச் சம்பவங்களிலிருந்து அந்தத் தொழில் நிறையக் கற்றுக்கொண்டிருக்கிறது. ருசி வேறு விஷயம்.

உங்கள் மகன் டிக்கெட் எடுக்கும்போது 'சிறப்பு உணவு' என்று ஒரு பட்டியல் வந்திருக்கும். நாலெழுத்துக் குறிகளாக இருக்கும், பார்த்தால் மாத்திரைப் பெயர் மாதிரித் தோன்றும். ஏவிஎம்எல் என்பது இந்தியச் சைவம்: மாமிசம், மீன், முட்டை கிடையாது, பால் உண்டு. விஎல்எம்எல் என்பதும் சைவம் என்றுதான் போட்டிருக்கும், ஆனால் அதில் முட்டை வரும். விஜிஎம்எல்லில் பாலும் தயிரும்கூட இருக்காது. விஜேஎம்எல் ஜைனர்களுக்கானது: வெங்காயம், பூண்டு, கிழங்கு இல்லாதது. டிபிஎம்எல் சர்க்கரை நோயாளிகளுக்கு. உங்கள் மகன் அக்கறையோடு டிபிஎம்எல் போட்டுவிட்டால் சிக்கல். பெரும்பாலான நிறுவனங்களில் அது கோழியோ மீனோ வைத்த தட்டாக இருக்கும். ஒரு ஆளுக்கு ஒரு குறிதான் போட முடியும். 'சைவமும், சர்க்கரைக்கு ஏற்றதும்' என்று இரண்டையும் சேர்த்துக் கேட்க அநேகமாக வழி கிடையாது. பழத்தட்டு என்று ஒன்றும் உண்டு, எஃப்பிஎம்எல். விரத நாளுக்கு நல்லது. தர்பூசணியும் அன்னாசியும் திராட்சையுமாக வரும் தட்டு உங்களுக்கு ஆகாது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஜைனத் தட்டைப் போடச் சொல்வேன். காரணம் சொல்கிறேன். ஏவிஎம்எல் என்றால் நம் கண்முன் வருவது ஒரு சாம்பார், ஒரு கூட்டு. அவர்களுக்கு வருவது ராஜ்மாவும் கொண்டைக்கடலை மசாலாவும் பன்னீரும். கடலையும் ராஜ்மாவும் தரையில் உத்தமமான உணவு. மேலே அப்படி இல்லை. ஜைனத் தட்டிலும் பருப்பு வரத்தான் செய்யும், ஆனால் வயிற்றை உப்பவைப்பதில் முன்னால் நிற்கிற வெங்காயமும் பூண்டும் இராது. எதைத் தேர்ந்தாலும் புறப்பட 24 மணி நேரம் முன்னதாகவே சொல்லியிருக்க வேண்டும், சில நிறுவனங்கள் 48 மணி கேட்கும். பயணத்துக்கு முந்தின நாள் மகனை ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். நடுவில் விமானத்தை மாற்றினால் இந்தக் குறி காணாமல் போவது சகஜம்.

மேலே அப்படி இல்லை என்றேனே, அதை விளக்க வேண்டும். விமானம் பறப்பது சுமார் 35,000 அடி உயரத்தில். உள்ளே காற்றை அழுத்தி வைத்திருப்பார்கள். ஆனால் தரையில் இருக்கும் அளவுக்கு இல்லை. 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருக்கும் மலையில் உட்கார்ந்திருப்பதற்குச் சமமான அழுத்தம்தான் இருக்கும். ஊட்டி ஏறக்குறைய 7,350 அடி. அதாவது தஞ்சாவூரிலிருந்து கிளம்பி, இருபது மணி நேரத்தில் பெரும்பகுதியை ஊட்டியில், ஒரே நாற்காலியில், குளிர்க் காற்றும் ஈரமும் இல்லாத வறண்ட ஊட்டியில் கழிக்கப் போகிறீர்கள். 8,000 அடியில் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் முக்கால் பங்கு. அழுத்தம் குறைந்தால் வாயு விரியும். கையில் இருக்கும் சிப்ஸ் பொட்டலம் பலூன் போல உப்புவதைப் பார்ப்பீர்கள். உங்கள் வயிற்றில் இருக்கும் வாயுவும் அதே மாதிரி மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. அதனால்தான் கொண்டைக்கடலை, முட்டைக்கோஸ், மொச்சை, சோடா, கோலா எல்லாவற்றையும் பயணத்துக்கு முந்தின நாளிலிருந்தே தள்ளி வையுங்கள் என்கிறேன். சுண்டல் நல்லது என்று உங்கள் டாக்டர் சொல்லியிருப்பார். இந்த ஒரு நாள் அவருக்குக் கீழ்ப்படிய வேண்டாம்.

விமானத்தில் வாயு பிரிவதைப் பற்றி 2013-இல் நியூசிலாந்து மருத்துவ இதழில் டாக்டர்கள் சிலர் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். அவர்களின் முடிவு: பயணிகள் அடக்கிக்கொள்ளாமல் விட்டுவிடுவதே உடம்புக்கு நல்லது. பக்கத்து இருக்கைக்காரரின் நன்மை பற்றியும் கொஞ்சம் யோசித்திருக்கிறார்கள். நீங்கள் எழுந்து கழிப்பறைப் பக்கம் நடந்துவிட்டு வாருங்கள், உங்களுக்கும் நல்லது, அவருக்கும் நல்லது.

ருசிக்கு வருகிறேன். மேலே சாப்பாடு சப்பென்று இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். சமையல்காரர் மேல் பழி போடுவதற்கு முன்னால் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். லுஃப்தான்சா விமான நிறுவனம் 2010 வாக்கில் ஜெர்மனியின் ஃபிராவுன்ஹோஃபர் ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனை செய்யச் சொன்னது. மியூனிக் பக்கத்தில் ஹோல்ஸ்கிர்ஹன் என்ற ஊரில், பழைய ஏர்பஸ் விமானத்தின் ஒரு துண்டையே காற்றழுத்தம் குறைக்கக்கூடிய அறைக்குள் வைத்து, ஆட்களை உட்காரவைத்துச் சாப்பிடக் கொடுத்துப் பார்த்தார்கள். உப்பும் இனிப்பும் நாக்குக்கு மட்டுப்பட்டுத் தெரிகின்றன. சில சமயம் 30 சதவீதம் வரை. புளிப்பும் காரமும் அவ்வளவாகக் குறையவில்லை. வறண்ட காற்றில் மூக்கு காய்ந்து மணம் தெரியாமல் போவது ஒரு காரணம், அழுத்தம் இன்னொரு காரணம். இடைவிடாத எஞ்சின் இரைச்சலும் இனிப்பை மங்கச் செய்கிறது என்று அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2015-இல் கண்டிருக்கிறார்கள்.

இதன் விளைவு என்ன? நாக்குக்கு எட்ட வேண்டும் என்று உப்பை ஏற்றியே சமைக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பு போதும் என்கிறது. மூன்று தட்டும், ஒரு பொட்டலம் உப்புக் கடலையும், வெந்நீர் ஊற்றிச் சாப்பிடும் கப் உப்புமாவும் சேர்ந்தால் அது எளிதாகத் தாண்டிவிடும். மணிக்கணக்காகக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பதோடு இந்த உப்பும் சேரும்போதுதான் இறங்கும் சமயம் செருப்பு நுழையாத அளவுக்குப் பாதம் வீங்குகிறது. தட்டில் வரும் சின்ன உப்புப் பொட்டலத்தைப் பிரிக்கவே வேண்டாம். பணிப்பெண்ணிடம் எலுமிச்சைத் துண்டு கேளுங்கள். பானத்துக்கு வைத்திருப்பார்கள், தருவார்கள். காரமும் புளிப்பும் மேலே குறையாது என்று ஜெர்மனியில் கண்டதை நம் இட்லிப்பொடியும் எலுமிச்சையும் கொண்டு நீங்களே சோதித்துப் பார்க்கலாம். டீ ஏன் மட்டமாக இருக்கிறது என்று ஐயா கேட்பார். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 92 டிகிரி சுமாருக்கே கொதித்துவிடும், இலை சரியாக இறங்காது. ஊட்டியில் பருப்பு வேக நேரமாவதும் இதனால்தான்.

இப்போது எனக்கு முக்கியமாகப் படுவது. விமானத்தில் தட்டு வருவது உங்களுக்குப் பசிப்பதால் இல்லை. 1919 அக்டோபரில் லண்டனிலிருந்து பாரிஸ் போன பயணிகளுக்கு 3 ஷில்லிங்குக்கு ஒரு பெட்டிச் சாப்பாடு விற்ற நாள் முதல், பயணம் செய்கிறவரை உட்காரவைத்து நேரத்தைக் கழிக்க உணவு ஒரு வழியாக இருந்து வருகிறது. உங்கள் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். நாலு மணிக்குக் கிளம்பினால் ஐந்து, ஐந்தரைக்கு முதல் தட்டு. அந்த நேரத்தில் தஞ்சாவூரில் நீங்கள் வாசல் தெளிக்கப் போயிருப்பீர்கள், சாப்பிட உட்கார்ந்திருக்கமாட்டீர்கள். 'வேண்டாம், வெந்நீர் மட்டும்' என்று சொல்லுங்கள். கேட்டால் தவறாக நினைக்கமாட்டார்கள். தோஹாவிலிருந்து அங்கே காலை எட்டு மணி சுமாருக்குக் கிளம்பினால் நம்மூரில் பத்தரை; அடுத்த தட்டு வரும்போது பன்னிரண்டு ஆகிவிடும். அது உங்கள் மதியச் சாப்பாட்டு நேரமேதான், அதைச் சாப்பிடுங்கள். சாயங்காலம் ஐந்து, ஆறு மணிக்கு, விளக்கணைத்து எல்லோரும் தூங்கும்போது, உங்கள் இட்லி. இறங்குவதற்கு முன் வரும் கடைசித் தட்டு நம்மூர் நேரம் இரவு பத்தரை. நியூயார்க்கில் அப்போது மதியம் ஒரு மணி. அதில் பாதி போதும். கல்லீரலுக்கும் குடலுக்கும் தனிக் கடிகாரம் இருக்கிறது, அதைத் திருப்பி வைப்பது பெரும்பாலும் சாப்பாடுதான். புது ஊரின் பகலில் கொஞ்சம் சாப்பிட்டு, புது ஊரின் இரவில் சாப்பிடாமல் இருந்தால் சீக்கிரம் சரியாகிவிடும்.

வாங்கிய தட்டிலும் எல்லாவற்றையும் காலி பண்ண வேண்டியதில்லை. ஒரு தட்டில் புலாவ் இருக்கும், பக்கத்தில் ஒரு பன், மூலையில் ஒரு இனிப்பு, மூடி போட்ட பழச்சாறு. நாலும் சர்க்கரையாக மாறும் பண்டம்தான். ஒன்றை மட்டும் எடுங்கள், காய்கறியையும் பருப்பையும் பன்னீரையும் முடியுங்கள். அன்னத்தை வீணாக்குகிறோமே என்று உங்கள் தலைமுறைக்குக் கை நடுங்கும். மிஞ்சுவது உங்கள் வயிற்றில் போனாலும் தொட்டியில் போனாலும் யாருக்கும் ஒரு கவளம் கூடப் போய்ச் சேரப் போவதில்லை. பிரிக்காத பன்னையும் பழச்சாற்றையும் உங்கள் டிரேயிலேயே விட்டுவிடுங்கள்.

மருந்து விஷயத்தில் நான் டாக்டர் இல்லை, ஆனால் டாக்டரிடம் என்ன கேட்பது என்று சொல்ல முடியும். மேற்கே போகிறீர்கள், அதனால் உங்கள் நாள் கோடையில் ஒன்பதரை மணி நேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் நீளும். அந்த நீண்ட நாளில் மாத்திரையை எப்போது போடுவது என்று பயணத்துக்கு ஒரு வாரம் முன்னால் கேட்டு எழுதி வாங்குங்கள். மாத்திரைப் பட்டையில் கிளிமிபிரைடு என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் கவலை குறைவு. கிளிமிபிரைடோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, விமானம் குலுங்குகிறது என்று சாப்பாட்டு வண்டி அரைமணி தாமதமானால் சர்க்கரை கீழே இறங்கிவிடலாம். வேர்வை, கை நடுக்கம், குழப்பம் வரும். தூக்கத்தில் இது தெரியாமலும் போகலாம். தட்டு கண்ணெதிரே வந்த பிறகு போடலாமா என்பதையும் அதே டாக்டரிடம் கேளுங்கள். நான் முதல் தட்டை மறுக்கச் சொன்னதையும் அவரிடம் சொல்லுங்கள். அவர் 'இல்லை, சாப்பிடு' என்றால் அவர் சொல்வதே சரி. மருந்து முழுவதும் கைப்பையில் இருக்க வேண்டும், டாக்டர் சீட்டோடு. பெட்டியில் போட்டால் பெட்டி வேறு ஊருக்குப் போய்விடலாம். இன்சுலின் என்றால் சரக்கறைக் குளிரில் உறைந்து கெட்டும் போகலாம். குளுக்கோஸ் மாத்திரை, இல்லாவிட்டால் சாதாரண மிட்டாய் நாலைந்து, மடியிலேயே இருக்கட்டும்.

தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். உள்ளே காற்றின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே இருக்கும். உதடு காயும், மலம் இறுகும். இந்த அறிவுரை நம் அம்மாக்களிடம் பலிக்காததற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதை யாரும் எழுதுவதில்லை. எழுந்து போகச் சங்கடம். நடு இருக்கையில் உட்கார்ந்து, பக்கத்தில் தூங்குகிற அந்நியரை எழுப்பி, புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போய், அந்தக் குறுகிய கழிப்பறையில் தாழ்ப்பாள் எது என்று தேட வேண்டும். அதற்குப் பயந்தே வாயைக் கட்டிவிடுகிறார்கள். எனவே உங்கள் மகனிடம் சொல்லுங்கள்: வேடிக்கை பார்க்க ஜன்னல் இருக்கை வேண்டாம், நடைபாதை ஓரம் வேண்டும். டிக்கெட்டோடு இதற்குக் கொஞ்சம் காசு கேட்டால் கொடுத்துவிடலாம். எந்தச் சத்துணவையும்விட அந்தக் காசு உங்கள் உடம்புக்கு உதவும். காலிப் பாட்டிலைக் கொண்டு போய், சோதனை முடிந்த பிறகு நிரப்புங்கள். தோஹாவில் மறுபடி சோதனை உண்டு, அதற்குள் குடித்து முடித்துவிடுங்கள். ஒவ்வொரு முறை எழும்போதும் நாலு வரிசை நடந்துவிட்டு வாருங்கள். காலில் ரத்தம் உறையாமலிருக்க அதுவும் தேவை.

வழி தெரியாது என்று சக்கர நாற்காலி கேட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் தோஹாவில் உங்களை ஓர் இடத்தில் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டுத் தள்ளுகிறவர் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார். அந்த நேரத்தில் நினைத்தபோது எழுந்து கடைக்குப் போக முடியாது. தண்ணீரும் சாப்பாடும் மாத்திரையும் மேலே வைக்கிற பையில் வேண்டாம், மடியில் வைக்கிற சின்னப் பையில் இருக்கட்டும்.

ஐயாவுக்குத் தனியாக இரண்டு வரி. அவர் 'கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் வாங்கிவிட வேண்டும்' என்கிற கட்சி என்று எழுதியிருக்கிறீர்கள். காசு இருக்கைக்குத்தான் போயிருக்கிறது என்று சொல்லுங்கள். தக்காளிச் சாறு மேலே மிக ருசியாக இருக்கும். லுஃப்தான்சாவில் பியருக்கு நிகராக அது ஓடுகிறதாம், அந்த ஆராய்ச்சியே அதைப் பார்த்துத்தான் தொடங்கியது. ஆனால் பெட்டியில் வரும் தக்காளிச் சாற்றில் உப்பு இருக்கும். கொதிப்புக்காரருக்கு ஒரு சின்ன டம்ளர் போதும். மது அவருக்குப் பழக்கமில்லை என்றால் ஆகாயத்தில் தொடங்க வேண்டாம். காபி காலையில் ஒன்று.

கடைசியாக, இறங்கும்போது. விமானத்தில் கொடுத்த ஆப்பிளையோ வாழைப்பழத்தையோ பையில் போட்டுக்கொண்டு இறங்காதீர்கள். 2018-இல் பாரிசிலிருந்து அமெரிக்கா வந்த ஒரு பெண்மணி, விமானத்தில் கொடுத்த ஆப்பிளைப் பசிக்கும்போது தின்னலாம் என்று பையில் வைத்திருந்ததற்கு 500 டாலர் அபராதம் போட்டார்கள். பச்சைக் கறிவேப்பிலைக்கும் அனுமதி கிடையாது. எலுமிச்சைக் குடும்பத்துச் செடி, அங்கத்திய ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு நோய் கொண்டுபோகும் என்ற பயம். இட்லி சுற்றிய வாழையிலையை விமானத்துக் குப்பையிலேயே போட்டுவிடுங்கள். பெட்டியில் முறுக்கும் பொடியும் இருப்பதை அதிகாரியிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டால் அதிகபட்சம் எடுத்துப் போடுவார்கள். மறைத்தால்தான் அபராதம்.

மகள் வீட்டுக்குப் போனதும் வாசலிலேயே சூடாகச் சாப்பாடு போட்டு வைத்திருப்பாள். அங்கே சாயங்காலம் ஐந்து, ஆறு மணியாக இருக்கும், உங்கள் வயிற்றுக்கு விடியற்காலை. மீட்டரில் சர்க்கரையைப் பார்த்துவிட்டு உட்காருங்கள். ரசம் சோறு கொஞ்சம், மோர் ஒரு டம்ளர். நிறைமாதத்தில் நிற்கிற பிள்ளையை அன்றைக்கே அடுப்படியிலிருந்து விரட்டிவிட்டு நீங்கள் உள்ளே போகப் பார்ப்பீர்கள். இரண்டு நாள் பொறுங்கள்; அதுவரை மாப்பிள்ளை சமைக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்